வீட்டு ஓனர் தரும் ஒரே ஒரு காகிதம்... அதற்குள் ஒளிந்திருக்கும் 3 வினைச்சொற்கள்! - ஜெர்மன் மொழியின் பெயர்ச்சொல் விளையாட்டு

ஜெர்மனியில் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், போன 2 வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிவு செய்துவிட வேண்டும். மூனிக்கிலிருந்து பெர்லினுக்கு மாறும் ஜெர்மானியருக்கும் இதே சட்டம்தான். மதுரையிலிருந்து போய் இறங்கும் நர்ஸுக்கும் இதே சட்டம்தான். தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

சரி, பதிவு செய்ய என்ன கொண்டு போக வேண்டும்? பாஸ்போர்ட்... கூடவே ஒரு காகிதம். அந்தக் காகிதத்தின் பெயரைக் கேட்டால்தான் தலை சுற்றும்.

'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்.'

ஒரே சொல். ஜெர்மனில் எழுதினால் 24 எழுத்துகள். இதைப் பார்த்து மிரண்டு போகாத வெளிநாட்டவர் குறைவு. ஆனால், பலாப்பழத்தைப் போல இதையும் பிளந்து பார்த்தால் உள்ளே இருப்பது மூன்றே மூன்று சின்ன வினைச்சொற்கள்.

'வோனன்' என்றால் குடியிருப்பது. அதிலிருந்து 'வோனுங்', அதாவது வீடு. 'கேபன்' என்றால் கொடுப்பது. அதிலிருந்து 'கேபர்', கொடுப்பவர். 'பெஷ்டேட்டிகன்' என்றால் உறுதி செய்வது. அதிலிருந்து 'பெஷ்டேட்டிகுங்', உறுதிச் சான்று. மூன்றையும் சேர்த்தால், 'இவருக்கு வீடு கொடுத்தது நான்தான்' என்று வீட்டு ஓனர் உறுதி செய்யும் காகிதம். அவ்வளவுதான் விஷயம்!

குடியிருக்கிறார், கொடுக்கிறார், உறுதி செய்கிறார் என்று மூன்று பேச்சு வழக்குச் செயல்கள். மூன்றும் பெயர்ச்சொல் வேஷம் கட்டிக்கொண்டு ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. வினையைப் பெயராக்கும் இந்த வித்தை ஜெர்மன் மொழியின் பெரிய பலம். அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற சாதாரண மனிதருக்கோ, அதுவே பெரிய பாரம்.

ஒரு பெரிய எழுத்து போதும்!

ஜெர்மனில் வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்க சுலபமான வழி ஒன்று இருக்கிறது. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றினால் போதும். முன்னால் 'டாஸ்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

'எஸ்ஸன்' என்றால் சாப்பிடுவது. சின்ன எழுத்தில் எழுதினால் வினை. பெரிய எழுத்தில் 'டாஸ் எஸ்ஸன்' என்று எழுதினால் சாப்பிடுதல். சாப்பாடு என்றும் பொருள். 'லேபன்' என்றால் வாழ்வது. 'டாஸ் லேபன்' என்றால் வாழ்க்கை. (எஸ்ஸன் என்று ஜெர்மனியில் ஒரு நகரமும் இருக்கிறது. அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை!)

ஆங்கிலத்தில் ஊர், ஆள் பெயர்களுக்குத்தான் பெரிய எழுத்து. ஜெர்மனில் நாற்காலி, நாய், நம்பிக்கை என்று எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் உண்டு. அதனால் ஒரு வினைச்சொல் பெரிய எழுத்தோடு வந்தால், 'இது இப்போது பெயர்ச்சொல்' என்று படிப்பவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஜெர்மன் மொழியைக் கிண்டலடித்து 1880-ல் ஒரு முழுக் கட்டுரையே எழுதிய அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன்கூட, இந்தப் பெரிய எழுத்துப் பழக்கத்தை நல்ல யோசனை என்று பாராட்டினார்.

இந்தப் பழக்கம் ஒருகாலத்தில் டேனிஷ் மொழியிலும் இருந்தது. 1948-ல் டென்மார்க் அதைக் கைவிட்டது. ஜெர்மனியிலும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம், பெரிய மொழியியல் அறிஞர். அவருக்கு இந்தப் பெரிய எழுத்துகளே பிடிக்காது. சகோதரர்கள் தொடங்கிய பிரமாண்ட ஜெர்மன் அகராதியின் முதல் தொகுதி 1854-ல் வந்தது. அதில் பெயர்ச்சொற்கள் சின்ன எழுத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. ஆனாலும் மக்கள் பெரிய எழுத்தை விடவில்லை. 1996-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதும் அது அப்படியே நீடித்தது.

ஒரு வினை மட்டும் என்றில்லை, ஒரு சொற்றொடரையே தூக்கிப் பெயர்ச்சொல்லாக்கலாம். ஒரு வேலையைச் செய்யாமல் தள்ளிப்போடுவதை, 'நீளமான பெஞ்சின் மேல் தள்ளுவது' என்பார்கள் ஜெர்மானியர்கள். நாம் 'கிடப்பில் போடுவது' என்கிறோமே, அதேதான். அந்தச் சொற்றொடரின் ஐந்து சொற்களுக்கும் நடுவில் சின்னக் கோடுகளைப் போட்டு, 'டாஸ் அவுஃப்-டீ-லாங்கெ-பாங்க்-ஷீபன்' என்று ஒரே பெயர்ச்சொல்லாக எழுத ஜெர்மன் எழுத்து விதிகளே அனுமதிக்கின்றன. ஃபைல் கிடப்பில் போடப்படுவது எல்லா ஊரிலும் இருக்கிறது. அதற்கு இலக்கண சுத்தமாக ஒரு பெயர்ச்சொல் அவர்களிடம் இருக்கிறது!

ஒன்பதாம் வகுப்பு தமிழ் ஐயா ஞாபகம் இருக்கிறதா?

இதெல்லாம் புதிதாகத் தோன்றுகிறதா? பள்ளியில் தமிழ் இலக்கண வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு இது பழைய பாடம்தான். நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர், தொழிற்பெயர்.

தமிழில் தொழிற்பெயர் மூன்று வகையாக உருவாகும் என்று படித்திருப்போம். முதலாவது, விகுதி பெற்ற தொழிற்பெயர். நட என்பதோடு 'தல்' சேர்ந்தால் நடத்தல். வாழ் என்பதோடு 'கை' சேர்ந்தால் வாழ்க்கை. ஜெர்மனில் இந்த வேலையை அதிகம் செய்யும் விகுதி 'உங்'. 'ஹைட்சன்' என்றால் சூடேற்றுவது. 'ஹைட்சுங்' என்றால் வீட்டைச் சூடாக வைக்கும் ஹீட்டர். 'ப்ரூஃபன்' என்றால் சோதிப்பது. 'ப்ரூஃபுங்' என்றால் பரீட்சை. 'ரெஹ்னன்' என்றால் கணக்குப் போடுவது. 'ரெஹ்னுங்' என்றால் ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்.

இரண்டாவது, முதனிலைத் தொழிற்பெயர். விகுதி எதுவும் சேராமல் வினையின் பகுதியே பெயராக நிற்பது. 'அவனுக்குச் செம அடி' என்கிறோமே, அந்த 'அடி' மாதிரி. ஜெர்மனில் 'லௌஃபன்' என்றால் ஓடுவது. வாலை வெட்டிவிட்டால் 'லௌஃப்', ஓட்டம். 'ஷ்லாஃபன்' என்றால் தூங்குவது. 'ஷ்லாஃப்' என்றால் தூக்கம்.

மூன்றாவது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு என்பது கேடு ஆகும். சுடு என்பது சூடு ஆகும். உள்ளே இருக்கும் உயிர் ஒலி மாறிவிடுகிறது. ஜெர்மனிலும் அப்படியே. 'ஃப்ளீகன்' என்றால் பறப்பது. 'ஃப்ளூக்' என்றால் விமானப் பயணம். 'ட்சீயன்' என்றால் இழுப்பது. 'ட்சூக்' என்றால் இழுப்பு. ரயிலுக்கும் அதுதான் பெயர். பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறதே!

நமக்கு எதிர்மறைத் தொழிற்பெயரும் உண்டு. கொல்லாமை, நடவாமை என்று எடுத்துக்காட்டு படித்திருப்போம். ஜெர்மானியர்கள் 'நிஷ்ட்' என்ற 'இல்லை'யை முன்னால் ஒட்டிக்கொள்வார்கள். 'எர்ஷைனன்' என்றால் நேரில் வருவது. 'நிஷ்ட்எர்ஷைனன்' என்றால் வராமை. இந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஜெர்மன் படிப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்த மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் மாதிரி மூன்றில் ஒன்று உண்டு. மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால் என்று மனப்பாடம் செய்தே முடி கொட்டிவிடும். ஆனால், முழு வினையை அப்படியே பெயராக்கினால் எப்போதும் 'டாஸ்'. வினையோடு 'உங்' சேர்ந்தால் எப்போதும் பெண்பால், 'டீ'. வாலை வெட்டி உருவாக்கினால் பெரும்பாலும் ஆண்பால், 'டேர்'. ஒரே விதியில் ஆயிரக்கணக்கான சொற்கள் அடங்கிவிடுகின்றன.

பாட்டா, பாட்டுத் தொல்லையா?

எந்த வகையில் பெயராக்குகிறோம் என்பதில் மனநிலையும் தெரிந்துவிடும். 'ஸிங்கன்' என்றால் பாடுவது. 'டாஸ் ஸிங்கன்' என்றால் பாடுதல் என்ற செயல். 'டேர் கெஸாங்' என்றால் ரசிக்கத்தக்க பாட்டு. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி 12 மணிக்கு மைக் பிடித்தால், 'டீ ஸிங்கராய்'. 'ஐயோ, இந்தப் பாட்டுத் தொல்லை தாங்கலையே' என்று அர்த்தம். கடைசியில் வரும் அந்த 'ராய்' ஒன்றே சலிப்பைச் சொல்லிவிடுகிறது.

அதேபோல, 'ரேடன்' என்றால் பேசுவது. அதற்கு முன்னால் 'கெ' ஒட்டி 'கெரேடெ' என்று சொன்னால், வெட்டிப்பேச்சு.

அன்றாடப் பேச்சிலும் இந்த வித்தை கைகொடுக்கிறது. தமிழில் 'செய்துகொண்டிருக்கிறேன்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஜெர்மனில் அதற்கென்று தனி வினை வடிவம் கிடையாது. அதனால் 'இஷ் பின் ஆம் ஆர்பைட்டன்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'நான் வேலை செய்தலில் இருக்கிறேன்'. ரைன் நதிக்கரைப் பகுதியோடு சேர்த்துப் பேசப்படும் வழக்கு இது. அந்தப் பெயரிலேயே இலக்கணப் புத்தகங்களிலும் இடம்பிடித்துவிட்டது.

இதுவரை எல்லாம் ஜாலிதான். சிக்கல், தபால்காரர் வரும்போது ஆரம்பிக்கிறது.

செய்தது யார்?

தொழிற்பெயருக்குப் பள்ளிப் புத்தகம் சொல்லும் இலக்கணத்தை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். எண், இடம், காலம், பால் எதையும் காட்டாமல் தொழிலை மட்டும் குறிப்பது தொழிற்பெயர். 'வந்தாள்' என்றால் ஒரு பெண், ஒருத்தி, ஏற்கெனவே வந்துவிட்டாள் என்று இத்தனையும் தெரியும். 'வருதல்' என்றால்? யார் வருவது? எப்போது? ஒன்றும் தெரியாது.

பரீட்சையில் 2 மதிப்பெண் கேள்வியாக வந்துபோன இந்த விஷயம், ஜெர்மனியில் ஒரு குடும்பத்தின் வருமானத்தையோ விசாவையோ தீர்மானிக்கக் கூடியது. காரணம், அங்கே அரசு அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களின் நடை. அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, 'நொமினால்ஷ்டீல்'. பெயர்ச்சொல் நடை என்று சொல்லலாம்.

அலுவலகங்கள் வழக்கமாக எழுதும் பாணியில் ஒரு வரியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அதைத் தமிழில் அப்படியே கொண்டுவந்தால் இப்படி இருக்கும்:

'ஆவணங்களின் சமர்ப்பியாமையின்போது விண்ணப்பத்தின் நிராகரிப்பு நிகழும்.'

படித்ததும் என்ன தோன்றுகிறது? ஏதோ மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பது போல, எங்கோ ஒரு நிராகரிப்பு தானாக 'நிகழ'ப்போகிறது. இதே வரியில் பெயர்ச்சொற்களை உரித்துவிட்டு வினைகளை வெளியே எடுத்தால்:

'நீங்கள் இந்தக் காகிதங்களைத் தராவிட்டால், நாங்கள் உங்கள் விண்ணப்பத்தை நிராகரிப்போம்.'

இரண்டும் ஒரே செய்திதான். ஆனால் இரண்டாவதில் 'நீங்கள்' இருக்கிறது, 'நாங்கள்' இருக்கிறது. யார் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் யார் என்ன செய்வார்கள் என்று பளிச்சென்று தெரிகிறது. முதல் வரியில் மனிதர்களே இல்லை.

'நிஷ்ட்எர்ஷைனன்' என்ற சொல்லை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நேரில் வரச் சொல்லி அலுவலகம் அனுப்பும் கடிதத்தில், 'வராமையின்போது' என்று ஆரம்பிக்கும் ஒரு வரி கீழே இருக்கலாம். மொழிபெயர்ப்பு ஆப் வைத்து அவசரமாகப் படிக்கிற ஒருவர், அது தன்னைத்தான் சொல்கிறது என்று புரிந்துகொள்ளாமலே தாண்டிப் போய்விடக்கூடும்.

குழப்பம் இதோடு முடியவில்லை. 'டீ பெஃப்ராகுங் டேர் லேரர்' என்று ஒரு தொடர். 'ஆசிரியர்களின் விசாரணை' என்று அர்த்தம். ஆசிரியர்கள் யாரையோ விசாரித்தார்களா? இல்லை, ஆசிரியர்களை யாரோ விசாரித்தார்களா? ஜெர்மனில் இரண்டுக்கும் இதே தொடர்தான். தமிழிலும் இதே குழப்பம் வருகிறது, பாருங்கள். வினையாக இருந்தவரை ஆசிரியர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதில் சந்தேகமே வந்திருக்காது.

ஒரு மாதக் கெடு

அரசு அலுவலகத்தின் முடிவு பிடிக்கவில்லை என்றால் ஜெர்மனியில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்குப் பெயர் 'வீடர்ஷ்ப்ரூஹ்'. இதுவும் வினையிலிருந்து வந்ததுதான். 'ஷ்ப்ரெஷன்' என்றால் பேசுவது. 'வீடர்' என்றால் எதிராக. எதிர்த்துப் பேசுவது, அதாவது மறுப்பு. சுடு, சூடு ஆன மாதிரி உள்ளே ஒலி மாறிய வகை.

பொதுவாக இந்த மறுப்பைத் தெரிவிக்க ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதமும் கடிதம் வந்து சேர்வதிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். சாதாரணத் தபாலில் வந்த கடிதம் என்றால், 2025 முதல், தபாலில் போட்ட 4-வது நாள் கிடைத்துவிட்டதாகக் கணக்கு வைக்கிறார்கள். 'எனக்குப் புரியவில்லை, அதான் பேசாமல் இருந்துவிட்டேன்' என்று இரண்டு மாதம் கழித்துப் போய் நின்றால், பெரும்பாலும் கதவு மூடியிருக்கும்.

எப்படி, எங்கே, எத்தனை நாளுக்குள் மறுப்புச் சொல்லலாம் என்பதைக் கடிதத்திலேயே எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பகுதியை விட்டுவிட்டாலோ தப்பாக எழுதினாலோ, ஒரு மாதக் கெடு ஒரு வருஷமாக நீண்டுவிடும். மக்களுக்குச் சாதகமான, நல்ல விதி. ஆனால், அந்தப் பகுதிக்கு வைத்திருக்கும் தலைப்பு என்ன தெரியுமா? 'ரெஹ்ட்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேருங்'. வழி சொல்லும் பலகையே வாயில் நுழையவில்லை!

இது வெளிநாட்டவர்களின் பிரச்னை மட்டும் என்று நினைத்தால் தப்பு. ஹாம்பர்க் பல்கலைக்கழகம் 2018-ல் நடத்திய ஆய்வின்படி, ஜெர்மனியில் 18 முதல் 64 வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் 62 லட்சம் பேருக்குச் சின்னச் சின்ன வாக்கியங்களைத் தாண்டி எழுதப் படிக்கச் சிரமம். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தாய்மொழியே ஜெர்மன்தான்.

63 எழுத்துச் சட்டம்

பெயர்ச்சொல் மோகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெர்மானியர்களே சிரித்துக்கொண்டு சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. பைத்தியப் பசு நோய் பயம் இருந்த காலத்தில், 1999-ல், மெக்லன்பர்க்-ஃபோர்போமர்ன் மாநிலத்தில் ஒரு சட்டம் பேச்சானது. 'மாட்டிறைச்சிக்கு லேபிள் ஒட்டுவதைக் கண்காணிக்கும் பணிகளை ஒப்படைக்கும் சட்டம்'. தமிழில் 7 சொற்கள். ஜெர்மனில் ஒரே சொல், 63 எழுத்துகள்!

அந்தச் சொல்லுக்குள் மூன்று 'உங்' இருக்கின்றன. லேபிள் ஒட்டுதல் ஒன்று, கண்காணித்தல் ஒன்று, ஒப்படைத்தல் ஒன்று. யார் ஒட்டுவது, யார் கண்காணிப்பது, யார் யாரிடம் ஒப்படைப்பது? சொல்லுக்குள் பதில் இல்லை. சட்டத்தைத் திறந்து படித்தால்தான் தெரியும். தேவை தீர்ந்துபோய் 2013-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தபோது, 'நீளமான சொல் ஒன்று போய்விட்டதே' என்று உலகம் முழுவதும் அது செய்தியானது.

அப்படியானால் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

அதிகாரிகள் வேண்டுமென்றே குழப்புகிறார்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. சட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். 'நீ', 'நான்' என்று ஆளைக் குறிக்காமல், 'பதிவு', 'நிராகரிப்பு', 'மறுப்பு' என்று செயலுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், அதற்கு விதி எழுதுவது சுலபம். விஞ்ஞானத்திலும் அப்படித்தான். ஒரு முழு வாக்கியத்தில் சொன்ன விஷயத்தை அடுத்த வாக்கியத்தில் ஒரே பெயர்ச்சொல்லாகச் சுருக்கிக்கொண்டு மேலே போகலாம். தத்துவத்துக்கும் இது வசதி. 'இருப்பது' என்ற சாதாரண வினையை, 'டாஸ் ஸைன்' என்று பெயராக்கி, அதைத் தலைப்பிலேயே வைத்து 1927-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார் மார்ட்டின் ஹைடெக்கர்.

அதனால்தான் உயர் நிலை ஜெர்மன் வகுப்புகளில் இது தனிப் பாடம். வாக்கியத்தைப் பெயர்ச்சொல் நடைக்கு மாற்று, பெயர்ச்சொல் நடையைத் திரும்ப வாக்கியமாக்கு என்று பக்கம் பக்கமாகப் பயிற்சி தருவார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான டி.எஸ்.ஹெச் தேர்விலும் இந்த மாதிரி கேள்விகள் வரும். 2023-24 கல்வியாண்டில் இந்திய மாணவர்கள் மட்டும் 49,000-க்கும் மேல் அங்கே படித்தார்கள். இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. ஆக, இந்த 'உங்' நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தேவைப்படுகிற விஷயம்தான்.

எளிய மொழியின் பதில்

ஜெர்மனியிலேயே இதற்கு எதிராக ஒரு முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. 'லைஷ்ட்டெ ஷ்ப்ராஹெ', எளிய மொழி என்று பெயர். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், 'எங்களுக்கு வரும் கடிதம் எங்களுக்குப் புரிய வேண்டாமா?' என்று கேட்ட கேள்வியிலிருந்து வளர்ந்தது. வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும், நீளச் சொல்லை நடுவில் கோடு போட்டுப் பிரித்து எழுத வேண்டும் என்று விதிகள். அதில் முக்கியமான ஒன்று, பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லைப் பயன்படுத்து என்பது.

2018 முதல், அறிவுசார் குறைபாடோ மனநலக் குறைபாடோ உள்ளவர்கள் கேட்டால், மத்திய அரசு அலுவலகங்கள் தங்கள் முடிவுகளை எளிமையாக விளக்க வேண்டும் என்று சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஜெர்மன் பொதுத்துறை டிவியின் பிரபலமான 'டாகஸ்ஷவ்' செய்தியும் 2024-லிருந்து எளிய மொழியில் ஒரு பதிப்பு தருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் மொழி கற்பவர்களும்கூட இதையெல்லாம் ஆசையாகப் பார்க்கிறார்கள்.

கடிதம் வந்தால் என்ன செய்வது?

எளிய மொழி எல்லா அலுவலகத்துக்கும் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாதே! அதுவரை கைவசம் வைத்துக்கொள்ள ஒரு சின்ன வழி.

முதலில், கடிதத்தில் 'உங்' என்று முடியும் சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அந்த 'உங்'கை எடுத்துவிட்டு 'என்' சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அகராதியில் இருக்கும் வினைச்சொல் வெளியே வந்துவிடும். 'க்யூண்டிகுங்' என்று இருந்தால் 'க்யூண்டிகன்'. வேலையையோ வாடகை ஒப்பந்தத்தையோ முடித்துக்கொள்வது. 'மானுங்' என்று இருந்தால் 'மானன்'. கட்ட வேண்டியதை நினைவூட்டுவது.

அடுத்து, ஒவ்வொரு வினையிடமும் கேளுங்கள். இதைச் செய்ய வேண்டியது யார்? நானா, அவர்களா? 'நிஷ்ட்' என்று ஆரம்பித்தால், எதைச் செய்யாமல் விட்டால் என்று கேளுங்கள்.

கடைசியாக, 'ஃப்ரிஸ்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். கெடு என்று அர்த்தம். அதற்குப் பக்கத்தில் தேதியோ நாள் கணக்கோ இருக்கும். அதைக் காலண்டரில் குறித்துவிட்டு, மீதியை நிதானமாகப் படிக்கலாம். சந்தேகம் இருந்தால், கெடு முடிவதற்குள் ஆலோசனை மையத்திலோ மொழி தெரிந்தவரிடமோ காட்டிவிடுங்கள்.

ஜெர்மனி பக்கமே போகப் போவதில்லை என்பவர்களுக்கும் இந்தப் பென்சில் உதவும். 'உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்', 'பராமரிப்புப் பணி காரணமாக மின் விநியோகத்தில் தடை ஏற்படும்' என்று நம்மூரிலும் தினம் படிக்கிறோம். யார் நடவடிக்கை எடுப்பார்? எப்போது எடுப்பார்? எந்தத் தெருவில், யார், எத்தனை மணி நேரம் கரன்ட்டை நிறுத்துவார்கள்?

ஜெர்மனியில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஒரு போர்டு அடிக்கடி கண்ணில் படும். முதல் வரியில், 'நுழைதல் தடை'. யார் நுழைவது என்று சொல்லவில்லை. இரண்டாவது வரியில், 'பிள்ளைகள் செய்வதற்குப் பெற்றோரே பொறுப்பு'. முதல் வரியைப் பார்த்து எத்தனை பேர் நின்றிருப்பார்களோ தெரியாது. இரண்டாவது வரியைப் படித்த அம்மா அப்பா எல்லோரும் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்!